முள் 15-ல் நிற்கிறது, உள்ளே 121 இல்லை: நீலகிரி மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட மருத்துவ நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் செவிலியர்களும் குழந்தைநல மருத்துவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி ஏறுவதைப் பற்றியது. எந்த மருத்துவமனையையும் சுட்டிக் குறை சொல்வது எங்கள் நோக்கம் இல்லை. சமவெளிக்கென்று எழுதிய நெறிமுறைகள் அப்படியே மலையேறி வந்துவிட்டன. இங்குள்ள காற்றழுத்தமும் குளிரும் ஈரமும் அவற்றில் எங்கும் இல்லை. அந்தச் சந்தில்தான் கிருமி புகுந்துகொள்கிறது.

முதலில் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியால் துணியிலும் கருவியிலும் உள்ள கிருமியைக் கொல்லும் பாத்திரம். '15 பவுண்டு, 20 நிமிடம்' என்பது பயிற்சிக் காலத்திலிருந்து எல்லாருக்கும் மனப்பாடம். கடல்மட்டத்தில் அது சரிதான். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதற்கு மேல் 15 சேர்ந்தால் மொத்தம் 29.7. அந்த அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியில் இருக்கும். ஆனால் மீட்டர் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டும்தான். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 11.2 பவுண்டு. முள் 15-ல் நிற்கும்போது உள்ளே மொத்தம் 26.2 பவுண்டு. அந்த நீராவியின் சூடு 117 டிகிரி.

நாலு டிகிரிதானே என்று தோன்றும். 10 டிகிரி குறைந்தால் கிருமி வித்துகளை (எளிதில் சாகாத உறங்குநிலைக் கிருமிகளை) கொல்ல ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் பிடிக்கும், 4 டிகிரி குறைந்தால் இரண்டரை மடங்கு. அதாவது உதகையில் 20 நிமிடம் ஓட்டிய டிரம் (துணிக்கட்டுகளை அடுக்கி ஆட்டோகிளேவில் வைக்கும் உலோகப் பெட்டி) கடல்மட்டத்தில் 8 நிமிடம் ஓட்டிய டிரம்முக்குச் சமம். டிரம்மில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு என்னவோ அழகாக வந்திருக்கும். அந்த டேப் 'நீராவி பட்டது' என்று மட்டும்தான் சொல்லும், 'கிருமி செத்தது' என்று சொல்லாது.

121 டிகிரி வேண்டுமென்றால் முள் உதகையில் 18.5-க்கு வர வேண்டும், குன்னூரில் 18-க்கு, கூடலூரில் 17-ஐ ஒட்டி. ஆயிரம் அடி ஏற ஏற அரை பவுண்டு கூட்டுவது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான். அதற்காக யாரும் வெயிட் வால்வின் மேல் எதையாவது தூக்கி வைத்துவிடக் கூடாது. பாத்திரம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அதன் தகட்டில் பொறித்திருக்கும். அதைப் பார்த்து, பயோமெடிக்கல் பொறியாளர்தான் சேஃப்டி வால்வை மாற்றியமைக்க வேண்டும். அதுவரைக்கும், அல்லது பாத்திரம் அதிக அழுத்தம் தாங்காது என்றால், 15 பவுண்டிலேயே 50 நிமிடம் ஓட்டலாம். வெப்ப உணரியை வைத்து இயங்கும் தானியங்கி இயந்திரங்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் சிறிய பிரிவுகளிலும் பிரசவ அறைகளிலும் இருப்பவை பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும் பழைய வகை. அவற்றில் முள்ளைத் தவிர வேறு எதுவும் பேசாது.

எங்கள் கணக்கை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். உச்ச வெப்பத்தில் அப்படியே நின்றுவிடும் தெர்மாமீட்டர் ஒன்றைத் துணிக்கட்டின் நடுவில் வைத்து ஒரு முறை ஓட்டினால் போதும். வாரம் ஒருமுறை, சூட்டில் எளிதில் சாகாத ஜியோபேசிலஸ் கிருமியின் வித்துப் பட்டையையும் வைக்க வேண்டும். அதை வளர்க்க 55 முதல் 60 டிகிரி இன்குபேட்டர் தேவை. 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு 'வளரவில்லை, பாஸ்' என்று எழுதுவது சோதனையே ஆகாது. அந்த வித்து 37-ல் வளரவே வளராது.

சூட்டைச் சரிசெய்தாலும் வேறு மூன்று இடங்களில் தவறுகிறது. ஒன்று, உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றாமல் வால்வை மூடுவது. நீராவி சீராகப் பீறிட்டு வரும்வரை பொறுக்காவிட்டால் காற்றும் ஆவியும் கலந்து நின்றுகொள்ளும். முள் 15 காட்டும், சூடு இன்னும் குறையும். இரண்டு, டிரம்மின் பக்கத் துளைகளைத் திறக்க மறப்பது, துணியைத் திணித்து அடைப்பது. மூன்றாவது மலைக்கே உரியது. ஜனவரியில் கொதிக்கக் கொதிக்க இறக்கிய டிரம்மைச் சில்லென்ற சிமெண்ட் மேடையில் வைத்தால் உள்ளே ஆவி நீராகி, துணிக்கட்டின் அடி நனைந்துவிடும். ஈரக்கட்டு ஸ்டெரைல் (கிருமியற்றது) கிடையாது, ஈரத்தோடு சேர்ந்து வெளியிலிருந்து கிருமியும் உறிஞ்சப்படும். மரப்பலகை அல்லது கம்பித் தட்டின் மேல் ஆறவிட்டு, கட்டு காய்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பந்தலூர், கூடலூர் பக்கம் துணி நாலு நாளானாலும் காயாது. அரை ஈரமாக ஆட்டோகிளேவுக்குள் போகிற துணி அரை ஈரமாகத்தான் வெளியே வரும். ஒரு டிரையர் இயந்திரம் வாங்கித் தருவதுதான் இதற்கு வழி. ஹீட்டர் மேல் துணி காயப்போடுவது வழியாகாது.

இனி, டிரேயில் இருக்கும் பாட்டில். பிரிவுக்குள் வருகிறவர்கள் வென்டிலேட்டரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மருந்து கலக்கும் மேசையைப் பாருங்கள். 100 மில்லி நார்மல் சலைன் (உப்புநீர்), அதன் ரப்பர் மூடியில் குத்தியபடியே விட்ட ஒரு ஊசி, ஊசியின் வாயில் ஒரு துண்டுப் பஞ்சு. காலை 8 மணிக்குத் திறந்தது மறுநாள் 8 மணிவரை ஓடும். ஒவ்வொரு குழந்தையின் கேனுலாவையும் (ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) அடைக்காமல் ஃப்ளஷ் செய்ய, அதாவது அலசிவிட, அதிலிருந்துதான் 1 மில்லி, 1 மில்லியாக இழுப்பார்கள். ஒரே ஒரு முறை கை பிசகினால் அன்றைக்குப் பிரிவில் இருக்கும் அத்தனை குழந்தைகளின் ரத்தத்துக்கும் நேர் வழி திறந்தாயிற்று. டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) இன்னும் மோசம். கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், செராஷியா என்ற மூன்று கிருமிகளும் அதில் சாதாரண அறை வெப்பத்திலேயே பெருகும். மில்லிக்குப் பத்து லட்சம் இருந்தாலும் பாட்டில் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும்.

இது செவிலியரின் அசட்டையால் மட்டும் வருவதில்லை. 1 கிலோ குழந்தைக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு வேளைக்கு 20 மில்லிகிராம். மருந்துக் குப்பி வருவதோ 500 மில்லிகிராம் அளவில். ஒரு வேளை மருந்தை எடுத்துவிட்டு மீதியைக் கொட்ட யாருக்குத்தான் மனம் வரும்? கலக்கி ஃபிரிட்ஜில் வைத்து நாலு குழந்தைக்குப் பகிர்கிறார்கள். தடை போட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இது நிற்காது. எங்கள் கோரிக்கை இரண்டு: ஃப்ளஷ் செய்ய ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு சலைன் ஆம்பூல்கள், தட்டுப்பாடில்லாமல். பகிர்ந்தே தீர வேண்டிய மருந்துகளை வார்டு மேசையில் கலக்காமல், காலையில் ஒரே நேரத்தில், சுத்தமான தனியிடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் தனித்தனி சிரிஞ்சுகளாக நிரப்பி, பெயரும் நேரமும் ஒட்டித் தரும் ஏற்பாடு.

அந்த மேசை கைகழுவும் தொட்டியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தொட்டியின் வளைகுழாயில் கிருமிப்படலம் எப்போதும் இருக்கும், தண்ணீர் நேராகத் துளையில் விழும்போது அது தெறிக்கும். மீந்த பாலையும் டெக்ஸ்ட்ரோஸையும் அதே தொட்டியில் ஊற்றுவது அந்தப் படலத்துக்குச் சோறு போடுவதுதான்.

கைகளைப் பற்றிப் பேசிப் பேசிச் சலித்திருப்பீர்கள். ஆனால் உதகையில் கைகழுவுவதும் சென்னையில் கைகழுவுவதும் ஒன்றில்லை. டிசம்பர் விடியற்காலை 4 மணிக்குக் குழாய்த் தண்ணீர் எலும்பைக் குடையும். 40 முதல் 60 விநாடி சோப்புப் போட்டுக் கழுவு என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. யாராலும் 10 விநாடிக்கு மேல் முடியாது. குளிரில் தோல் வெடித்துவிடும். வெடித்த கையில் ஆல்கஹால் பட்டால் எரியும், எரிகிற கை அடுத்த முறை பாட்டிலைத் தேடாது. வெடித்த தோலில் கிருமியும் நிரந்தரமாகக் குடியேறும். கை கிரீமை ஆடம்பரம் என்று இண்டென்ட்டிலிருந்து (பொருள் கேட்கும் பட்டியல்) அடித்துவிடாதீர்கள். வெந்நீருக்கு கீசர் உண்டு, ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வெதுவெதுப்பில் வைத்தால் அந்தத் தொட்டியே கிருமிப் பண்ணையாகிவிடும். உள்ளே 60 டிகிரியில் இருக்கட்டும், குழாயில் தண்ணீர் கலந்து சூட்டைக் குறைத்துக்கொள்ளலாம். மேல்தொட்டித் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குழாய்முனையில் தெரிய வேண்டும். சோதிக்கும் கிட் விலை மலிவுதான்.

அப்புறம் ஸ்வெட்டர். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. வளையலும் வாட்சும் கயிறும் கழற்றியாகிவிடுகின்றன. ஆனால் ராத்திரி டியூட்டியில் ஸ்வெட்டர் கை மணிக்கட்டு வரை இறங்கியிருக்கும். அந்தக் கம்பளி விளிம்பு ஒரு வார்மரிலிருந்து (குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் படுக்கை) அடுத்த வார்மருக்கு உரசிக்கொண்டே போகும், அதைத் துவைப்பது வாரம் ஒருமுறை. கழற்று என்று சொல்வதற்கு முன் அறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குழந்தைக்கும் அதுதான் தேவை. செவிலியர் உட்காரும் இடத்துக்கும் அந்தச் சூடு எட்டினால் ஸ்வெட்டர் தானாகக் கழன்றுவிடும்.

கையில் தேய்க்கும் ஆல்கஹால் கரைசலான ஹேண்ட் ரப், மலைப்பாதை மூடினால் தீர்ந்துபோகும் பொருளாக இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறைப்படி மாவட்டத்திலேயே தயாரிக்கலாம். 10 லிட்டருக்கு 99.8 சத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 7,515 மில்லி, 3 சத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சத கிளிசரால் 145 மில்லி, மீதிக்குக் கொதிக்கவைத்து ஆறிய நீர். கலந்து மூடி 72 மணி நேரம் வைத்த பிறகே விநியோகிக்க வேண்டும். பெராக்சைடு கைக்காகச் சேர்ப்பதில்லை, கரைசலிலும் பாட்டிலிலும் இருக்கும் வித்துகளைக் கொல்லத்தான் சேர்க்கிறோம், அதற்குத்தான் இந்த மூன்று நாள். கையில் ஒரு குழி நிறைய, சுமார் 3 மில்லி, எடுத்து 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். குளிரில் காய இன்னும் சற்று நேரமாகும், காயும்வரை குழந்தையைத் தொடக் கூடாது.

எந்தக் கிருமியோடு மோதுகிறோம் என்பதும் முக்கியம். டெல்லியில் மூன்று மருத்துவமனைகளில் 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) வளர்ந்தவற்றில் அசினெட்டோபாக்டர் 22 சதம், கிளெப்சியெல்லா 17, ஈ.கோலை 14. அந்த அசினெட்டோபாக்டரில் 82 சதம் பல மருந்துகளுக்கு ஒருசேர அடங்காதது. தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தவை. அவ்வளவு சீக்கிரம் வருவது தாயிடமிருந்து வந்தது என்பது பாடப்புத்தக வழக்கம். ஆனால் அசினெட்டோபாக்டர் மருத்துவமனையில் குடியிருக்கும் கிருமி. அப்படியானால் பிரசவ அறையும், குழந்தையைப் பிரிவுக்குத் தூக்கி வரும் அந்த முதல் சில மணி நேரமும் சந்தேகத்துக்கு உரியவை. பிரிவை மட்டும் பளிச்சென்று வைத்துப் பயனில்லை. பிரசவ அறையில் உறிஞ்சு குழாயும் மூச்சுப் பையும் குழந்தைக்குக் குழந்தை மாறுகின்றனவா என்று பாருங்கள்.

டெல்லிக் கணக்கு டெல்லிக்கு. நீலகிரியில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை இங்குள்ள கல்ச்சர்தான் சொல்ல வேண்டும். அங்கேயும் குளிர் குறுக்கே வருகிறது. கல்ச்சர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காதே, அறை வெப்பத்தில் வை என்பார்கள். உதகையில் இரவு ஜன்னலோரம் வைத்த பாட்டிலுக்கு அறையே ஃபிரிட்ஜ். இரவு 8 மணிக்கு எடுத்த ரத்தம் காலை வரை அங்கேயே கிடந்தால் கிருமி சோர்ந்துபோகும், அறிக்கையில் 'வளரவில்லை' என்று வரும். பாட்டிலை 20 முதல் 25 டிகிரியில் காக்கும் ஒரு பெட்டியும், இரவிலும் ஆய்வகத்தில் அதை ஏற்றிவிட ஒருவரும் வேண்டும். கூடலூரிலிருந்து மலையேறி வரும் பாட்டிலுக்கும் இது பொருந்தும்.

எடுக்கும் ரத்தம் 1 மில்லிக்குக் குறையக் கூடாது. சின்னக் குழந்தையாயிற்றே என்று 0.3 மில்லியோடு நிறுத்தினால், ரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும் தொற்று கையில் சிக்காது. புதிதாகக் குத்திய நரம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏற்கெனவே ஓடும் கேனுலாவிலிருந்து கூடாது. தோலைத் துடைத்த மருந்து காயும்வரை காத்திருக்க வேண்டும், ஊதிக் காயவைக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் போடும் முன் கல்ச்சர். 36 முதல் 48 மணி நேரத்தில் எதுவும் வளராமல், குழந்தையும் நன்றாக இருந்தால் மருந்தை நிறுத்திவிட வேண்டும். முடிவு அதற்குள் கைக்கு வராததால்தான் மருந்து 7 நாள், 10 நாள் என்று நீள்கிறது. எதற்கும் அடங்காத கிருமியை வளர்த்துவிடுவது இப்படி வீணாக ஓடும் மருந்துதான். ஆய்வகம் முழு அறிக்கையைத் தட்டச்சு செய்யக் காத்திருக்காமல், கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முதல் சோதனை) பார்த்த உடனே பிரிவுக்குப் போன் செய்தால் ஒரு நாள் மிச்சம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு வார்த்தை. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உடல் சில்லிடுவது எல்லாம் தொற்றின் முதல் அடையாளங்கள். இந்த ஊரில் சில்லிட்ட குழந்தையைப் பார்த்ததும் 'குளிருதுப்பா' என்று இன்னொரு போர்வை சுற்றுவார்கள். தாயின் நெஞ்சோடு சேர்த்தோ வார்மரிலோ ஒரு மணி நேரம் வைத்தும் 36.5-ஐத் தொடாத குழந்தையைத் தொற்று என்றே எடுத்துக்கொண்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். முதல் டோஸ் போட்டுவிட்டு அனுப்புங்கள். மலைப்பாதையில் மண் சரிந்தால் ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று யார் சொல்ல முடியும்?

கேனுலாவும், தொப்புள் வழியாக ரத்தக்குழாயில் செலுத்திய தொப்புள் லைனும் தேவையில்லாத அன்றே வெளியே வர வேண்டும். தொப்புள் நரம்பு லைன் 7 நாளைத் தாண்டக் கூடாது. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு குழந்தை முன்னாலும் 'இந்த லைன் இன்றைக்கு எதற்கு?' என்று சத்தமாகக் கேட்கும் வழக்கம் வரவேண்டும். லைனின் வாயை ஆல்கஹாலால் 15 விநாடி அழுத்தித் துடைத்து, காய்ந்த பின் திறக்க வேண்டும். ஆக்சிஜன் ஈரமூட்டும் பாட்டிலில் ஸ்டெரைல் நீர் மட்டும், தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக. மேலே மேலே ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. பாலாடையும் சங்கும் ஒரு குழந்தைக்கு ஒன்று. கழுவி, மூடி, 20 நிமிடம் கொதிக்க வேண்டும். உதகையில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குமிழ் வந்ததும் இறக்கிவிடக் கூடாது.

சில வேலைகளை நிறுத்தலாம். மாதாமாதம் பிரிவை அடைத்து ஃபார்மலின் புகை போடுவதால் தொற்று குறையாது, குழந்தைகளுக்கும் பணியாளர்களுக்கும் கண்ணெரிச்சல்தான் மிச்சம். சுவரையும் தரையையும் வழக்கமாகப் பஞ்சால் துடைத்து ஸ்வாப் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும் வீண். அந்த ஆய்வகச் செலவைக் கல்ச்சருக்குத் திருப்புங்கள். கறுப்பு பினாயில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் வரவே கூடாது. பினாலிக் கிருமிநாசினி குழந்தையின் மஞ்சள்காமாலையைக் கூட்டும். (தொற்றோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம்: பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த கம்பளியைத் துவைத்து வெயிலில் உலர்த்தாமல் குழந்தைக்குச் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு ரத்த அணுக்கள் உடைந்து காமாலை ஏறும். குளிர் ஊரில் இது அடிக்கடி சொல்ல வேண்டிய விஷயம்.)

மருந்து எதுவும் இல்லாமல் தொற்றைக் குறைக்கும் ஒன்று இருக்கிறது. 2021-ல் வெளியான ஐந்து மருத்துவமனை ஆய்வில், கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனே தாயின் நெஞ்சோடு வைத்தார்கள். முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதத்திலிருந்து 12 சதமாகக் குறைந்தது, தொற்று என்று சந்தேகிக்கப்பட்டதும் 27.8 சதத்திலிருந்து 22.9-க்கு வந்தது. தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் குழந்தைக்கு ஏறிவிட்டால் மருத்துவமனைக் கிருமிக்கு இடம் குறைகிறது. பத்துப் பேர் கை மாறுவதும் குறைகிறது. ஆனால் அதற்குத் தாய் அங்கே இருக்க வேண்டுமே. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்தும் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வரும் பெண்ணுக்குப் பிரிவுக்கு வெளியே ஒரு பெஞ்சுதான் இருக்கிறது. வீட்டில் மூத்த பிள்ளை, போனால் போன நாள் கூலி. மூன்றாம் நாள் அவர் இறங்கிப் போய்விடுகிறார், தாய்ப்பாலும் அவரோடு போய்விடுகிறது. பிரிவுக்குள்ளேயே கட்டில், கம்பளி, வெந்நீர், மூன்று வேளைச் சாப்பாடு, துணைக்கு வரும் ஒருவருக்குப் படுக்க இடம் ஆகிய இவற்றைத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செலவில் எழுதுங்கள்.

ஆள் பற்றி நீட்டவில்லை. மூன்று நாலு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பது தேசிய வழிகாட்டுதல். இரவில் அந்தக் கணக்கு உடையும்போதும், ஒரே வார்மரில் இரண்டு குழந்தை கிடக்கும்போதும் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

கடைசியாக, கணக்கு. லைன் வழித் தொற்றை ஆயிரம் லைன்-நாளுக்கு (ஒரு குழந்தைக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன்-நாள்) இத்தனை என்று கணக்கிடுவார்கள். ஒரு மாதத்தில் 150 லைன்-நாளில் 3 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 20. எங்களைப் போன்ற சிறு பிரிவுகளில் ஒரு குழந்தை கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் குதிக்கும், அதை வைத்து மாவட்டக் கூட்டத்தில் ஒருவரை மெச்சுவதோ ஏசுவதோ நியாயமாகாது. 'கடைசித் தொற்றுக்குப் பின் இன்று எத்தனையாவது நாள்' என்று வாசலில் ஒரு பலகை வைத்தால் எல்லாருக்கும் புரியும். இரண்டு வாரத்துக்குள் இரண்டு குழந்தைக்கு ஒரே கிருமி, ஒரே மருந்து எதிர்ப்பு வந்தால், வேறு என்று நிரூபணமாகும்வரை அது பரவல்தான். அன்றே திறந்த பாட்டில்களை எல்லாம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, புதிதாகச் சேர்க்கும் குழந்தைகளை வேறு அறைக்குத் திருப்பும் அதிகாரம் பணியில் இருக்கும் மருத்துவருக்கும் தலைமைச் செவிலியருக்கும் எழுத்தில் வேண்டும். தகவல் சொன்னவருக்கு மெமோ வராது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். மெமோவுக்குப் பயந்து 'வளரவில்லை' என்று எழுதிய பதிவேடு யாருக்கும் உதவாது.

பெரிய செலவுகள் அடுத்த நிதியாண்டுக்குப் போகட்டும். இந்த வாரத்திலேயே முடிவது ஆட்டோகிளேவ் சோதனை. தெர்மாமீட்டரை எங்கே வைப்பது என்று எங்கள் ஸ்டெரைல் அறைப் பணியாளர்களுக்குத் தெரியும். காலை 7 மணிக்கு முதல் டிரம் ஏற்றுவார்கள். பயோமெடிக்கல் பொறியாளரை அந்த நேரத்துக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்கள், மருத்துவர்கள்